பதினெட்டு அடி கேரவனை இழுக்க எந்தப் பிக்கப்?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பனியன் கம்பெனி நடத்துகிறார், அப்பா அம்மாவோடு சேர்த்து வீட்டில் ஐந்து பேர். கோவையில் ஒரு பட்டறையில் 18 அடி நீளத்துக்குக் கேரவன் டிரெய்லர் கட்டக் கொடுத்திருக்கிறார். கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஏசி எல்லாம் உண்டு. காலியாக 1700 கிலோ வரும் என்று பட்டறைக்காரர் சொன்னாராம். ஊட்டி, வால்பாறை, ஏற்காடு, லீவு கூடக் கிடைத்தால் ராமேஸ்வரம். அவர் கேள்வி இது: "அண்ணா, பொலேரோ கேம்பர் போதுமா, பழைய இசுசு வி-கிராஸ் பார்க்கலாமா, இல்லை புது ஹைலக்ஸே எடுத்துவிடலாமா? ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ் மூன்றரை டன் இழுக்குது, இதுல என்ன யோசனைன்னு ஃப்ரெண்டு கேக்கறான்."

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். மூன்றில் ஒன்றுதான் என்றால் ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக். ஆனால் உங்கள் டிரெய்லர் சாமான் ஏற்றிய பிறகு இரண்டு டன்னைத் தாண்டக் கூடாது, டிரெய்லருக்கென்று தனி பிரேக் இருக்க வேண்டும், ஐந்து பேரும் ஒரே வண்டியில் போவதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாகாமல் ஹைலக்ஸ் எடுத்தாலும் தப்புத்தான். பிக்கப்புக்கு அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். முதலில் டிரெய்லர் எடை மேடை ஏறட்டும்.

நான் சங்ககிரிப் பக்கத்துக்காரன். வீட்டில் லாரி இருந்தது, நானும் ஓட்டினேன். இப்போது டிரெய்லர் சேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், சொந்தமாக ஒரு 14 அடி கேரவனை நாலு வருசமாக இழுத்துக்கொண்டு திரிகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் எஞ்சினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எத்தனை குதிரைத்திறன், எத்தனை டார்க் (சக்கரத்தைத் திருகும் பலம்) என்று. உங்கள் விஷயத்தில் எஞ்சின் மூன்றாவது கவலை. முதல் கவலை பிக்கப்பின் முதுகு எவ்வளவு தாங்கும் என்பது. இரண்டாவது, மலையிலிருந்து இறங்கும்போது எது பிடித்து நிறுத்தும் என்பது.

முதுகை எடுத்துக்கொள்வோம். உங்கள் தாத்தா காலத்தில் மாட்டுவண்டியில் பருத்தி மூட்டை ஏற்றியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்கும். முன்பாரம் அதிகமானால் மாடு கழுத்தை அழுத்திக்கொண்டு நடக்க முடியாமல் நிற்கும். அதனால் வண்டிக்காரர் மூட்டையை முன்னே பின்னே நகர்த்தி, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, லேசான முன்பாரத்தில் நிறுத்துவார். கேரவன் டிரெய்லரும் அதே இரண்டு சக்கர வண்டிதான். நுகம் இருந்த இடத்தில் இப்போது கொக்கி, மாடு இருந்த இடத்தில் பிக்கப். அந்த லேசான முன்பாரம் எவ்வளவு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள், அங்கே டிரெய்லர்களும் சின்னவை, வேகக் கட்டுப்பாடும் கடுமை. நம் ரோட்டுக்கு நான் 10-க்குக் கீழே போக மாட்டேன்.

இப்போது உங்கள் கணக்கு. 1700 கிலோ என்பது காலி எடை, அதுவும் வாய்ச்சொல். என் டிரெய்லரைக் கட்டிய பட்டறையும் 1100 என்றுதான் சொன்னது, எடை மேடையில் 1340 காட்டியது. பிளைவுட், உள்ளே அடிக்கிற லாமினேட், கண்ணாடி, ஏசி எல்லாம் சேர்ந்து ஏறிக்கொண்டே போகும், கட்டுகிறவருக்கே தெரியாது. உங்களுடையது 1700 என்றே நம்புவோம். அதில் 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, சமையல் காஸ் சிலிண்டர் நிறைந்தது கிட்டத்தட்ட 30 கிலோ, இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று 50, 60 கிலோ, மெத்தை, பாத்திரம், அரிசி பருப்பு, துணிமணி, அம்மா விடமாட்டேன் என்று ஏற்றும் மிக்சி வரைக்கும் சேர்த்தால் 2150-ல் வந்து நிற்கும். பத்து சதவீதம் 215 கிலோ. இது பிக்கப்பின் பின்னால் மூன்று ஆட்கள் பம்பரில் உட்கார்ந்து வருகிற மாதிரி.

அந்த 215, பின் அச்சின் மேல் 215 ஆக இறங்காது. கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருக்கிறது, ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3085 மில்லிமீட்டர். ஏத்தம் இறைத்தவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லவே வேண்டாம், நீட்டிய முனையில் மிதித்தால் மறுமுனை எழும்பும். இங்கே பின் அச்சில் சுமார் 300 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 87 கிலோ குறையும். முன்பக்கம் லேசானால் ஸ்டியரிங் மிதப்பாகத் தெரியும், ராத்திரியில் ஹெட்லைட் மரத்து உச்சியைக் காட்டும், பிரேக்கில் பெரும்பங்கு வேலை செய்கிற முன் சக்கரங்கள் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது.

இனி ஆட்கள். நாலு பெரியவர்கள், ஒரு பையன், 300 கிலோ என்று வையுங்கள். கொக்கிக்கான இரும்புச் சட்டமும் பின் தொட்டிக்கு மேல் மூடியும் 60. தொட்டியில் நாற்காலி, கூலர், டூல்ஸ், 70. கொக்கி பாரம் 215. ஆக 645 கிலோ. பிக்கப் சுமக்கலாம் என்று கம்பெனி அனுமதித்தது எவ்வளவு என்று பார்க்க, வண்டியில் அடித்திருக்கிற பிளேட்டில் மொத்த எடையைப் பார்த்து, அதிலிருந்து காலி எடையைக் கழியுங்கள். மாடலுக்கு மாடல் மாறும். நம் ஊரில் சொந்த உபயோகத்துக்கு விற்கிற இந்தச் சொகுசுப் பிக்கப்களில் அந்த எண்ணைப் பார்த்தால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும், அவ்வளவு கம்மி. கணக்குக்காக 500 என்று வைத்தால், நீங்கள் டிரெய்லரை ஓர் அடி இழுப்பதற்கு முன்பே 145 கிலோ அதிகம்.

உங்கள் ஃப்ரெண்டு சொன்ன மூன்றரை டன் பொய் இல்லை. ஆஸ்திரேலியாவில் நாலு சக்கரமும் இழுக்கிற ஹைலக்ஸ் ஃபோர் பை ஃபோருக்கு பிரேக் உள்ள டிரெய்லர் 3500 கிலோ என்று கம்பெனியே போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் இசுசுவின் 1.9 லிட்டர் டி-மேக்ஸுக்கும், அதாவது நம் வி-கிராஸின் வகைக்கும், அதே 3500 உண்டு. ஆனால் அந்த எண் அந்த நாட்டில் விற்கிற வண்டியின் ஸ்பிரிங்குக்கும் கொக்கிக்கும் அங்கத்திய சட்டத்துக்கும் கொடுத்தது. இங்கே விற்கிற வண்டிக்கு இங்கே இருக்கும் கம்பெனி என்ன சொல்கிறதோ அதுதான் செல்லும். ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். வாயால் "இழுக்கும் சார், யானையையே இழுக்கும்" என்று சொல்வார்கள், எழுதித் தரச் சொன்னால் டீ சாப்பிடப் போய்விடுவார்கள்.

அமெரிக்க வீடியோ பார்த்து மயங்குகிறவர்களுக்கும் ஒன்று. ஃபோர்டு எஃப்-150 ஆறு டன் இழுக்கும் என்று விளம்பரம் வருகிறது. அந்த எண்கள் எஸ்.ஏ.ஈ. ஜே2807 என்ற ஒரு தேர்வு முறைப்படி வருபவை. அரிசோனாவில் டேவிஸ் டேம் என்ற இடத்தில் 11.4 மைல், அதாவது 18 கிலோமீட்டர் சொச்சம் ஏற்றம். வெயிலில் ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, சாதாரணப் பிக்கப் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும். ரோடு அகலம், கொண்டை ஊசி கிடையாது. அதைவிட முக்கியம், அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பது டிரைவரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும், ஆளுக்கு 68 கிலோ. அப்பா அம்மா பையன் பின்சீட்டில் ஏறினால் அவர்கள் எடை இழுக்கும் சக்தியிலிருந்து கழிந்துகொண்டே போகும். அமெரிக்காவில் விவரம் தெரிந்தவர்கள் விளம்பரத்தைப் பார்ப்பதே இல்லை, டிரைவர் கதவைத் திறந்து, ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத்தான் பார்க்கிறார்கள். 30 அடி டிரெய்லர் வைத்திருக்கிறவர்கள் எஃப்-250 மாதிரி அடுத்த சைஸுக்குப் போவதும் பெரும்பாலும் இதற்காகத்தான், இழுவை போதாமல் அல்ல.

எஞ்சினைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 4850 கிலோ என்று வைத்து, எட்டு சதவீத ஏற்றத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏற சக்கரத்தில் 50 குதிரைத்திறன் போதும், 40-ல் ஏற 70 வேண்டும். ஹைலக்ஸில் 204 இருக்கிறது, 1.9 வி-கிராஸில் 163. இரண்டுக்கும் இது வேலையே இல்லை. மலையில் 40-க்கு மேல் யாரும் உங்களைப் போகச் சொல்லவும் இல்லை. கேம்பரில் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் டார்க். அது கியர்பாக்ஸ், ஹௌசிங் (பின் அச்சுக் கூடு) எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இழந்து சக்கரத்துக்கு வரும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. ஏறிவிடும், ஆனால் முதல் இரண்டு கியரில், பின்னால் இருபது கார் ஹாரன் அடிக்க. வேடிக்கை என்னவென்றால் மூன்றில் முதுகு பலமானது கேம்பர்தான், ஒரு டன் சுமக்கக் கட்டிய வண்டி. முதுகு இருக்கிறது, நெஞ்சு இல்லை. மற்ற இரண்டுக்கும் நெஞ்சு இருக்கிறது, முதுகு கம்மி. இரண்டும் சேர்ந்த பிக்கப் நம் ஊர்க் கடையில் இல்லை, அதனால்தான் டிரெய்லரைக் குறைக்கச் சொல்கிறேன்.

இப்போது இறக்கம். இதில்தான் நான் உங்களைக் கொஞ்சம் பயமுறுத்தப் போகிறேன்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் உயரம், ஊட்டி 2240. நடுவில் 1900 மீட்டருக்கு மேல். அந்த 4850 கிலோவை ஊட்டியிலிருந்து கீழே கொண்டுவந்தால், அந்த உயரம் முழுவதும் சூடாக மாறித்தான் ஆக வேண்டும், வேறு போக்கு இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 35 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்குகிற சூடு அது. இரண்டு குடத்துக்கு மேல். டயர் உராய்வும் காற்றும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை எஞ்சினும் பிரேக்கும்தான் பங்கு போட வேண்டும். எஞ்சினுக்குப் பங்கு கொடுக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் செய்தேன்.

முதல் வருசம், கோத்தகிரியிலிருந்து இறங்கினேன். லாரி ஓட்டின திமிர், இது என்ன சின்ன வண்டி என்று மூன்றாவது கியரில் விட்டுவிட்டேன். என் டிரெய்லரில் அப்போது பிரேக் கிடையாது, நானே வெல்டிங் பட்டறைக்காரன், அடுத்த வருசம் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். பாதி மலை இறங்கியதும் பெடல் பஞ்சு மாதிரி கீழே போனது. பிரேக் லைனர் கருகுகிற நாற்றம், வீட்டம்மா "என்னங்க தீயுது" என்கிறாள். இரண்டாவது கியர், அப்புறம் முதல் கியர் என்று இழுத்துப் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, ஒரு தேயிலைத் தோட்டத்து வாசலில் ஓரங்கட்டி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, முழுக்க என் தப்பு. ஏறின கியரில் இறங்கு என்று எனக்கு லாரி பழக்கியவர் சொன்னதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எனக்குத்தான் மறந்துவிட்டது.

அதனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்சவரம்பே 750 கிலோதான், உங்களுடையது அதைப் போல மூன்று மடங்கு. நம் பக்கத்துப் பட்டறைகள் கரும்பு டிரெய்லரும் டிராக்டர் டிப்பரும் கட்டிப் பழகியவை. டிராக்டர் டிரெய்லரில் பிரேக் இல்லாமலே ஊரே ஓடுவதைப் பார்த்துவிட்டு, "பிரேக்கா? எதுக்குங்க?" என்பார்கள். விடாதீர்கள். இரண்டு வகை உண்டு. பிக்கப் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் தள்ளலிலேயே கம்பி இழுபட்டு டிரம் பிடிக்கிற வகை ஒன்று. மலிவு, பழுது கம்மி, ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் உரசிக்கொண்டே இருக்கும். பின்னால் மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடித்துக்கொள்ளும், அதற்குத் தனி ஏற்பாடு உள்ள டிரம் கேட்க வேண்டும். இன்னொன்று மின்சார பிரேக், டிரைவர் பக்கத்தில் ஒரு கண்ட்ரோலர் இருக்கும், டிரெய்லர் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நீங்களே வைக்கலாம், டிரெய்லரை மட்டும் தனியாகவும் பிடிக்கலாம். மலைக்குப் போகிறவருக்கு இதுதான். செலவு அதிகம், பரவாயில்லை, ஏசியை விட்டுவிட்டாவது இதைப் போடுங்கள், ஊட்டியில் ஏசி எதற்கு?

கொக்கி கழன்றால் டிரெய்லர் தானே பிரேக் பிடிக்கிற கம்பி ஒன்று, கொக்கிக்குக் கீழே குறுக்காக எக்ஸ் மாதிரி போட்ட இரண்டு சங்கிலி. இது இரண்டும் இல்லாமல் என் பட்டறையிலிருந்து ஒரு டிரெய்லரையும் அனுப்புவதில்லை. சங்கிலி குறுக்காகப் போனால் கழன்ற ஏர்க்கால், அதாவது கொக்கிக்கு நீளும் முன்கம்பம், ரோட்டில் குத்தாமல் அதன் மேல் தொட்டில் மாதிரி உட்காரும்.

மலை மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, பல்லடத்திலிருந்து உடுமலை, தாராபுரம் பக்கம் ஆனி ஆடியில் போய்ப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்குத்தான் அத்தனை காற்றாலை அங்கே நிற்கிறது. அந்தக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது 18 அடி நீளம், ஏழெட்டு அடி உயரத் தகரச் சுவர் ஒரு பாய்மரம். அதில் பின்பாரமும் சேர்ந்தால் டிரெய்லர் நாய் வாலை ஆட்டுகிற மாதிரி ஆட ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்தில் வால் நாயை ஆட்டும். ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தப் பார்க்காதீர்கள், பிக்கப் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், மின்சார பிரேக் இருந்தால் டிரெய்லரை மட்டும் லேசாகப் பிடியுங்கள், தானே அடங்கும். எதிரே வருகிற பஸ் கடக்கும்போதும் இதே தள்ளல் இருக்கும். நான் டிரெய்லரோடு 70-க்கு மேல் போவதில்லை, நாலு வழிச்சாலையானாலும் சரி.

பின்பாரம் வராமலிருக்கப் பட்டறையில் இப்போதே சொல்லிவிடுங்கள்: தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு மேலேயே வரட்டும், பேட்டரி அச்சுக்குச் சற்று முன்னால். எல்லோரும் கக்கூஸைக் கடைசியில் வைக்கிறார்கள், அதன் கழிவுத் தொட்டியும் பின்னால் போய்விடுகிறது. காலையில் கிளம்பும்போது நல்ல தண்ணீர் முன்னால் நிறைந்து முன்பாரமாக இருக்கும், இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது அதே தண்ணீர் கழிவாகிப் பின்னால் போயிருக்கும். போகும்போது ஒழுங்காக வந்த டிரெய்லர் வரும்போது ஆடுவதற்கு இதுவும் ஒரு காரணம். சைக்கிள் ஸ்டாண்டைப் பின்சுவரில் மாட்டச் சொன்னீர்களானால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, வண்டிகள்.

கேம்பரை மேலேயே சொல்லிவிட்டேன். சமவெளியில் ஒரு டன் டிரெய்லர் என்றால் தாராளமாக எடுக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

வி-கிராஸ் எனக்குப் பிடித்த வண்டி. பழையது பார்க்கிறீர்கள் என்றால் 2016-ல் வந்த 2.5 லிட்டரில் 320 டார்க், 2021-க்கு அப்புறம் வந்த 1.9-ல் 360. இரண்டும் உங்கள் டிரெய்லரை இழுக்கும். பழையது வாங்கும்போது கீழே படுத்துப் பாருங்கள். பின்பக்கச் சேஸில் எங்காவது புது வெல்டிங், புதுப் பெயிண்ட் தெரிகிறதா, பின்பக்க ஸ்பிரிங்கான கமான் பட்டையில் ஒன்று அதிகமாகச் சொருகியிருக்கிறார்களா, கியர் ஆயில் கருகின வாசனை வருகிறதா என்று. பட்டை அதிகம் சொருகியிருந்தால் அது பாரம் சுமந்த வண்டி. ஒன்று சொல்லிவிடுகிறேன், நீங்களும் நாளைக்கு ஒரு பட்டையைச் சொருகிவிட்டு 'இப்ப தாங்கும்' என்று நினைக்கக் கூடாது. பட்டை போட்டால் பின்பக்கம் தொங்காது, அவ்வளவுதான். ஹௌசிங், பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய அளவுக்குத்தான் செய்தது. லாரியில் நாங்கள் அப்படி ஓட்டினோம், உண்மைதான், எத்தனை அச்சு முறிந்தது என்ற கணக்கு வேறு இருக்கிறது.

ஹைலக்ஸ் 2022-ல் இங்கே வந்தது, ஃபார்ச்சூனரில் இருக்கும் அதே 2.8 லிட்டர் எஞ்சின். மேனுவலில் 420 டார்க், ஆட்டோமேட்டிக்கில் 500. விலை அதிகம், அதைப் பற்றி நான் பேசவில்லை, அது உங்கள் பாக்கெட். ஆட்டோமேட்டிக் சொல்வதற்குக் காரணம் 80 டார்க் வித்தியாசம் அல்ல. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நீங்கள் நடு ஏற்றத்தில் நிற்க நேரும். நாலேமுக்கால் டன்னை மறுபடி கிளப்ப மேனுவலில் கிளட்சை அரைக்க வேண்டும், ஒரு பயணத்தில் பத்துத் தடவை அரைத்தால் பிளேட் போய்விடும். ரிவர்ஸில் இன்னும் மோசம். ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தொல்லை இல்லை, இறக்கத்தில் கையால் கியரைக் குறைத்து வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு. கியரை மட்டும் 'டி'-யிலேயே (தானே கியர் மாற்றிக்கொள்ளும் நிலை) விட்டுவிட்டு இறங்காதீர்கள், என் கதைதான் ஆகும்.

ஃபோர் பை ஃபோர் தேவையா என்றும் சிலர் கேட்பார்கள். தார் ரோட்டில் இழுக்கத் தேவையில்லை. ஈரப் புல்வெளியிலோ தோப்பு மண்ணிலோ டிரெய்லரை நிறுத்திவிட்டு மறுநாள் வெளியே எடுக்கும்போதுதான் அதன் அருமை தெரியும், அங்கே மெதுவாக, பலமாக இழுக்கிற லோ ரேஞ்ச் கியரில் போட்டால் நத்தை மாதிரி சத்தமில்லாமல் வந்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு வளைக்காதீர்கள்.

பொருத்தும்போது பார்க்க வேண்டியது சின்னச் சின்னது. கொக்கியின் உயரம் டிரெய்லர் மட்டமாக, மூக்கு ஒரு விரல் கீழே சாய்ந்து நிற்கிற மாதிரி. மூக்கு மேலே போனால் ஆட்டம் வரும். பிக்கப் கொக்கியில் இருக்கும் பந்தின் அளவும் அதன் மேல் உட்காரும் டிரெய்லர் கிண்ணத்தின் அளவும் ஒன்றா என்று பாருங்கள், 50 மில்லிமீட்டர் பந்தில் இரண்டு இன்ச் கிண்ணமும் உட்கார்ந்த மாதிரித்தான் தெரியும், 0.8 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேய்மானம் சேர்ந்தால் குழியில் எகிறும். டிரெய்லர் டயரை வருசக் கணக்கில் வெயிலில் நிறுத்தியே பட்டன் (டயரின் மேல்வரி) தேயாமல் பக்கச்சுவர் வெடித்துப் போகும், பட்டன் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கண்ணாடி இரண்டு பக்கமும் வேண்டும், பிக்கப்போடு வருகிற கண்ணாடியில் டிரெய்லரின் சுவர் மட்டும்தான் தெரியும்.

அப்புறம் எங்கே போகலாம் என்பது. ஹைலக்ஸ் 5.3 மீட்டர், டிரெய்லர் ஏர்க்காலோடு 6.7 மீட்டர், சேர்ந்து 12 மீட்டர். மலைக்கு ஓடும் பஸ்ஸை விட நீளம், நடுவில் மடங்குவது மட்டும்தான் சௌகரியம். ஏற்காடு 20 கொண்டை ஊசி, மேட்டுப்பாளையம் குன்னூர் 14, இரண்டும் காலை ஆறு மணிக்குள் ஏறினால் முடியும். ஊட்டிக்கு இ-பாஸ் மறக்காதீர்கள். வால்பாறை 40, பழகிய பிறகு பார்க்கலாம். திம்பம் 27 வளைவு, இரவில் வண்டி விடமாட்டார்கள், பகலில் லாரிகளுக்கு நடுவில் மாட்டினால் ரிவர்ஸ் எடுக்கவே இடம் இருக்காது. லாரிக்காரர்கள் பண்ணாரியில் நிறுத்திச் சாமி கும்பிட்டு பிரேக்கைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள், ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். கொல்லிமலை 70 வளைவு, டிரெய்லரைக் காரவள்ளி அடிவாரத்தில் தோப்புக்காரர் யாரையாவது கேட்டு நிறுத்திவிட்டு வெறும் பிக்கப்பில் போய்வாருங்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் யோசனை இருந்தால், அந்த யோசனையை ஊட்டியிலேயே விட்டுவிடுங்கள்.

காகித விஷயத்தில் ஒன்றுதான். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண், தனி இன்சூரன்ஸ் வேண்டும். கட்டுகிற பட்டறைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, ஆர்டிஓவில் ஏற்கிற சான்றிதழ் தருவார்களா என்று மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு பதிவாகாமல் தோட்டத்தில் கோழிக்கூடாக நிற்கிற கேரவன் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

எடை மேடைக்கு எப்படிப் போவது என்று கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லர் சேஸும் சுவரும் முடிந்து உள்வேலை பாதியில் இருக்கும்போதே ஒருமுறை ஏற்றுங்கள். அப்போதே 1700-ஐத் தொட்டிருந்தால் இரண்டாவது கட்டிலையும் பின்சுவர் அலமாரியையும் அங்கேயே வெட்டிவிடலாம். முழுதாக முடிந்து சாமான் ஏற்றிய பிறகு இரண்டாவது முறை. தெரிந்தவர் பிக்கப் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு, முதலில் ஆட்களோடு பிக்கப் மட்டும் மேடையில். அடுத்து டிரெய்லரை மாட்டி, பிக்கப்பின் நாலு சக்கரமும் மேடையில், டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே. இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்தால் கொக்கி பாரம். அப்புறம் டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில், அதோடு கொக்கி பாரத்தைக் கூட்டினால் டிரெய்லரின் மொத்த எடை. லாரிகள் ஏறும் பெரிய மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், உங்கள் ஊரில் பழைய பேப்பர், இரும்பு எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் சின்ன மேடை கிடைத்தால் அதில் போடுங்கள். அந்த மூன்று சீட்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். 2000-க்குக் கீழே இருந்தால் ஹைலக்ஸ் ஷோரூமுக்குப் போங்கள், அப்பா அம்மா பின்னால் தனிக் காரில் வரட்டும். 1500 அளவில் வந்தால் நல்ல வி-கிராஸ் ஒன்றே போதும், சங்ககிரிக்கு ஓட்டிக்கொண்டு வாருங்கள், கீழே படுத்து நானே பார்த்துத் தருகிறேன்.